வாத்து விற்காத வாத்து வியாபாரம்

அமெரிக்காவில் காட்டு வாத்தைச் சுட்டுச் சாப்பிடலாம். அதற்கு உரிமம் உண்டு, பருவம் உண்டு, ஒரு நாளைக்கு இத்தனைதான் என்ற கணக்கும் உண்டு. ஆனால் சுட்ட வாத்தை ஒரு டாலருக்குக்கூட விற்க முடியாது. விற்றால் மத்திய அரசின் வழக்கு வீட்டுக்கு வரும். ‘டக் டைனஸ்டி’ என்கிற தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயம் போதும் என்று எனக்குப் படுகிறது. லூசியானா மாநிலத்தில் வேட்டைத் தொழிலால் கோடீஸ்வரர்களான ராபர்ட்சன் என்ற தாடிக்காரக் குடும்பத்தைப் பற்றிய நிகழ்ச்சி அது. 2012 மார்ச் முதல் 2017 மார்ச் வரை 11 சீசன்கள் ஓடியது. நான்காவது சீசன் தொடங்கிய 2013 ஆகஸ்ட் 14 அன்று மட்டும் 1 கோடியே 18 லட்சம் பேர் பார்த்தார்கள். அமெரிக்கக் கேபிள் தொலைக்காட்சியில் கதை அல்லாத ஒரு நிகழ்ச்சிக்கு அதுவரை அத்தனை கூட்டம் கூடியதில்லை.

வாத்தையே விற்க முடியாத நாட்டில் வாத்தால் எப்படிப் பணம் வந்தது? இதற்கு விடை தேடினால் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

19ஆம் நூற்றாண்டில் அங்கே வேட்டை என்பது பெரிய சந்தைத் தொழில். படகின் முனையில் பீரங்கி போன்ற துப்பாக்கியைப் பொருத்தி, தண்ணீரில் அடைந்திருக்கும் வாத்துக் கூட்டத்தை ஒரே வெடியில் டஜன் கணக்கில் சாய்ப்பார்கள். பீப்பாயில் அடைத்து ரயிலேற்றினால் நகரத்து ஹோட்டல்களில் விருந்தாகிவிடும். வானத்தை மறைத்துக்கொண்டு பறந்த பயணிப்புறா இனம் இப்படிச் சுட்டுச் சுட்டே தீர்ந்தது. அதன் கடைசிப் பறவை 1914இல் சின்சினாட்டி உயிரியல் பூங்காவில் செத்தது. 1900இல் லேசி சட்டமும் 1918இல் வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டமும் வந்து, காட்டுப் பறவையைச் சரக்காக்கும் வழியை அடைத்தன. 1930களின் பெருவறட்சியில் வாத்துகள் மறுபடி குறைந்தபோது விதிகள் இன்னும் இறுகின. 1934 முதல், 16 வயது நிரம்பிய ஒவ்வொரு வாத்து வேட்டைக்காரரும் ஆண்டுதோறும் ‘வாத்து ஸ்டாம்ப்’ வாங்கியாக வேண்டும். அப்போது விலை 1 டாலர், 2015 முதல் 25 டாலர். அந்தப் பணம் சதுப்பு நிலங்களை வாங்கிக் காப்பாற்றச் செலவாகிறது. இதைச் சொல்லாமல் அமெரிக்க வேட்டைக்காரர்களைப் பற்றிப் பேசுவது நியாயமாகாது. இன்றைக்கு அங்கே மிஞ்சியிருக்கும் ஈரநிலங்களில் கணிசமான பகுதி அவர்கள் கொடுத்த காசில் நிற்கிறது.

1935இல் இன்னொரு தடை வந்தது. உயிருள்ள வாத்தைக் கட்டிப்போட்டு, அதன் குரலைக் கேட்டு இறங்கும் மற்ற வாத்துகளைச் சுடுவது அதுவரை வழக்கம். பழந்தமிழில் அப்படிக் கட்டிவைக்கும் விலங்குக்கும் பறவைக்கும் ‘பார்வை’ என்றே பெயர் இருந்தது. வேடர்கள் எங்கும் அறிந்த பழைய தந்திரம் இது. அமெரிக்கா அதை நிறுத்தியது. பதிவுசெய்த வாத்துக் குரலை ஒலிபெருக்கியில் போட்டு ஏமாற்றுவதற்கும் பிறகு தடை வந்தது.

சரி, வேட்டைக்காரரிடம் மிச்சம் என்ன இருக்கிறது? மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ செய்த பொம்மை வாத்துகள். அப்புறம், சொந்த மூச்சு. அந்த மூச்சை வாத்தின் குரலாக மாற்றித் தரும் ஓர் ஊதல் வேண்டும். சட்டம் அடைத்த வழிகள் எல்லாம் சேர்ந்து இந்தச் சின்ன மரக்குழலுக்கு ஒரு சந்தையைத் திறந்துவிட்டன. ஆர்க்கன்சாஸ் மாநிலத்தில் ஸ்டட்கார்ட் என்ற நெல் விளையும் ஊரில் 1936 முதல் வாத்துக்குரல் ஊதும் உலகப் போட்டியே நடக்கிறது.

இந்தியாவில் 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கு ஏறக்குறைய முழுதாகவே கதவைச் சாத்தியது. கௌதாரியைக் குரல் கொடுத்தே வரவழைக்கத் தெரிந்தவர்கள் நம் ஊர்ப்பக்கம் இருந்தார்கள். அந்தத் திறமை அவர்களோடு ஒடுங்கிப் போயிற்று, பலருக்கு வழக்கும் ஆயிற்று. அமெரிக்கச் சட்டமோ விற்பனையை அடைத்துவிட்டு, வேட்டையைக் குடிமக்களின் பொழுதுபோக்காக விட்டுவைத்தது. அந்த நாட்டில் வேட்டைத் தொழில் என்று எதைச் சொன்னாலும் அதன் வாடிக்கையாளர் இன்னொரு வேட்டைக்காரர்தான். ராபர்ட்சன் குடும்பத்தின் வியாபாரமும் அங்கேதான் முளைத்தது.

பில் ராபர்ட்சன் 1946இல் லூசியானாவில் விவியன் என்ற சிற்றூரில் பிறந்தவர். வறுமையான குடும்பம். லூசியானா டெக் கல்லூரியில் அமெரிக்கக் கால்பந்து ஆடினார்; பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் இடத்தில் அணியின் முதல் ஆள் அவர்தான். அவருக்கு அடுத்த இடத்தில் உட்கார்ந்திருந்தவர் டெர்ரி பிராட்ஷா, பின்னாளில் அந்த ஆட்டத்தின் மிகப் பெரிய கோப்பையான சூப்பர் பௌலை நான்கு முறை வென்றவர். கால்பந்துப் பருவமும் வாத்துப் பருவமும் ஒன்றோடொன்று மோதியதால் பில் கால்பந்தை விட்டார். இதை ஏதோ விசித்திரமான முடிவாகவே எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தனக்கு எது வேண்டும் என்று 22 வயதுக்குள் தெரிந்துகொள்ள எத்தனை பேருக்குக் கொடுத்துவைக்கிறது?

அதன்பின் பட்டமேற்படிப்பு, ஆசிரியர் வேலை, ஒரு மதுக்கடை, மிதமிஞ்சிய குடி, அடிதடி, மனைவியையும் பிள்ளைகளையும் வீட்டைவிட்டுத் துரத்தியது. இதெல்லாம் பில்லே பின்னாளில் மேடை மேடையாகச் சொன்னது. 1970களின் நடுவில் கிறிஸ்தவ நம்பிக்கைக்குத் திரும்பி, மனைவி கேயிடமும் திரும்பி வந்தார். வாஷிட்டா ஆற்றங்கரையில் வீடு. வலை போட்டு மீன் பிடித்து விற்றுத்தான் அடுப்பு எரிந்தது. ஊதல் வியாபாரம் அதற்குப் பக்கத்தில் மெல்ல வளர்ந்தது. 1973இல் ‘டக் கமாண்டர்’ என்ற பெயரில் கம்பெனியைப் பதிவுசெய்திருந்தார். கூட வேட்டைக்கு வந்த நண்பர் ஒருவர், நீ வாத்தைக் கூப்பிடவில்லை, வாத்துக்கு உத்தரவு போடுகிறாய் என்றாராம். அதிலிருந்து வந்த பெயர். முதலாண்டு விற்பனை 8,000 டாலர் என்று சொல்வார்கள்.

அந்த ஊதலைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். கையடக்கமான மரக்குழல். உள்ளே செருகும் துண்டின்மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் நாக்கு. ஊதும்போது நாக்கு தட்டின்மேல் அடித்துத் துடிக்கும். அந்தத் துடிப்புத்தான் குரல். மற்றவர்களில் பலர் ஒரு நாக்கு வைத்தார்கள். பில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வைத்தார். ஒற்றை நாக்கில் வரும் கூர்மையான சத்தம் இதில் கொஞ்சம் கரகரத்து, உண்மையான பெட்டை வாத்தின் குரலுக்கு நெருங்கியது. மல்லார்ட் என்ற காட்டு வாத்தினத்தில் நாம் ‘குவாக்’ என்று அறிந்த உரத்த குரல் பெட்டையுடையதுதான். பச்சைத் தலை மினுங்கும் சேவலுக்கு அடங்கிய குரல். நாதஸ்வரக்காரர் சீவாளியை எச்சிலில் நனைத்துப் பதப்படுத்திக்கொள்வதைப் பார்த்திருப்போம். இங்கே கதை நேர்மாறு. எச்சில் பட்டால் இரண்டு நாக்கும் ஒட்டிக்கொண்டு குரலே வராது. அதனால் நாக்கில் ஒரு சின்னக் குழி தட்டி, இரண்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி நிற்கும்படி செய்தார்கள். பில்லின் தம்பி சை, ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று வந்தபின், வருடக்கணக்காக அந்த நாக்குகளைச் செய்வதையே வேலையாகக் கொண்டிருந்தார்.

மகன்கள் நால்வரும் வீட்டிலேயே மரத்தூளுக்குள் வளர்ந்தவர்கள். கே கணக்கு எழுதி, பொட்டலம் கட்டி, வீட்டுத் தொலைபேசியிலேயே ஆர்டர் எடுத்தார். பில் வண்டியை எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினார். வால்மார்ட்டின் தலைமையகம் வாங்குவதற்கு முன்பே, தனித்தனிக் கிளைகளின் மேலாளர்களைப் பார்த்து ஒவ்வொரு கடையாகச் சரக்கை உள்ளே வைத்துவிட்ட கதையை அவர் பெருமையாகச் சொல்வார். மூன்றாவது பையன் வில்லி நிர்வாகத்தைக் கையில் எடுத்தபிறகுதான் அது கம்பெனி மாதிரி ஆனது.

இதற்கு நடுவே ஒரு வேலையும் செய்தார்கள், அதைப் பலர் கவனிப்பதில்லை. 1980களின் இறுதியிலிருந்து தங்கள் வேட்டையைத் தாங்களே படமெடுத்து வீடியோ கேசட்டாக விற்றார்கள். முகத்தில் கரி பூசிய ஆட்கள், ராக் இசை, விழுந்துகொண்டே இருக்கும் வாத்துகள். வேட்டைக்காரர்கள் வேட்டைக்காரர்களுக்காக எடுத்த படம். அதில் குடும்பம் கிடையாது, சாப்பாட்டு மேஜை கிடையாது. ஆக, தொலைக்காட்சிக்காரர்கள் போய்ச் சேருவதற்கு 20 ஆண்டுகள் முன்பே அந்தக் குடும்பத்துக்குக் கேமரா பழக்கம். கேமராவே பார்த்திராத காட்டு மனிதர்களை யாரோ திடீரென்று கண்டுபிடித்தார்கள் என்ற எண்ணம் சரியல்ல. 2009இல் ‘அவுட்டோர் சேனல்’ என்ற வேட்டை, மீன்பிடிப்புக்கான சேனலில் அவர்களுக்கு ஒரு நிகழ்ச்சி கிடைத்தது. அதிலும் வேட்டைதான் நடுநாயகம். கூடவே கடையும் வீடும் மெல்ல எட்டிப் பார்த்தன.

வேட்டை என்றால் அங்கே எப்படி இருக்கும்? கனடாவின் புல்வெளிகளிலும் வட, தென் டகோட்டாவின் குட்டைகளிலும் குஞ்சு பொரித்த வாத்துகள் குளிர் தொடங்கியதும் மிசிசிப்பி நதியின் போக்கிலேயே தெற்கே இறங்கும். அறுவடை முடிந்து தண்ணீர் கட்டிய நெல்வயல்களும் வெள்ளம் நிற்கும் காடுகளும் அவற்றின் குளிர்கால வீடு. அங்கே வரும் ஊசிவால் வாத்து நமக்கும் அந்நியமில்லை. அதே இனம் வேறு திசையிலிருந்து வேடந்தாங்கலுக்கும் வருகிறது. லூசியானாவில் விடிவதற்கு வெகுமுன்பே படகில் போய், பொம்மை வாத்துகளைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, இலைதழை மூடிய மறைவிடத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். சூரியன் உதிக்க அரை மணி நேரம் இருக்கும்போது முதல் வெடிக்கு அனுமதி. துப்பாக்கியில் மூன்று தோட்டாவுக்குமேல் ஏறக் கூடாது. ஈயக் குண்டு 1991 முதல் நாடு முழுக்கத் தடை. தண்ணீருக்கடியில் தங்கிய ஈயத்தைத் தின்று பறவைகள் செத்ததால் இரும்புக் குண்டுக்கு மாறினார்கள். நிகழ்ச்சி ஓடிய ஆண்டுகளில் அந்தப் பகுதியில் பருவம் 60 நாள், ஆளுக்கு ஒரு நாளைக்கு 6 வாத்து, அதில் மல்லார்ட் 4. தாடிக்கும் இதில் காரணம் உண்டு. மேலே வட்டமிடும் வாத்துக்குக் கீழே மனித முகம் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். பருவம் முழுக்கச் சவரம் செய்யாமல் விட்டால் குளிருக்கும் ஆச்சு, மறைவுக்கும் ஆச்சு.

பெரும்பாலான நேரம் காத்திருப்புத்தான். ஊதுவதைவிட ஊதாமல் இருக்கத் தெரிந்தவரே நல்ல வேட்டைக்காரர் என்பார்கள். கூட்டம் திரும்பிப் போகும்போது ஊத வேண்டும். நம்மை நோக்கி வரும்போது வாயை மூட வேண்டும்.

இந்த மௌனத்தைத் தொலைக்காட்சியில் அரை மணி நேரத்துக்கு விற்க முடியாது. ‘டக் டைனஸ்டி’யை ஒளிபரப்பிய ஏ அண்ட் ஈ சேனலுக்கு இது தெரியும். 1984இல் கலைக்கும் நாடகத்துக்குமாகத் தொடங்கிய சேனல் அது. பெயரின் முதலெழுத்தே ‘ஆர்ட்ஸ்’தான். 2000களில் கேபிள் சேனல்கள் பெருகி, விளம்பரத்துக்கான போட்டி கடுமையானது. 2007-08இல் ஹாலிவுட் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் வேறு. எழுத்தாளரும் நடிகரும் இல்லாமல் மலிவாக எடுக்கக்கூடிய நிஜ மனிதர் நிகழ்ச்சிகள் எல்லாச் சேனலிலும் பரவின. அலாஸ்காவில் நண்டு பிடிப்பவர்கள், பனிச்சாலையில் லாரி ஓட்டுபவர்கள், அடகுக்கடைக்காரர்கள், லூசியானாச் சதுப்பில் முதலை பிடிப்பவர்கள் என்று உடம்பு வருந்தி உழைக்கும் மனிதர்களைத் தேடிக் கேமராக்கள் போயின. பெரும்பாலானவற்றில் ஆபத்துத்தான் சரக்கு. வாத்து வேட்டையில் ஆபத்து இல்லை. அதனால் தயாரிப்பாளர்கள் ராபர்ட்சன் குடும்பத்தை ஒரு குடும்ப நகைச்சுவைத் தொடராக மாற்றினார்கள்.

எப்படி மாற்றினார்கள் என்பதில்தான் இந்த நிகழ்ச்சியின் கைத்திறன் இருக்கிறது. பிக் பாஸ் மாதிரி பூட்டிய வீட்டுக்குள் ஆட்களை அடைத்துவிட்டு என்ன நடக்கிறதென்று பார்க்கும் வகை அல்ல இது. ஒவ்வொரு எபிசோடுக்கும் ஒரு சூழ்நிலையை முன்கூட்டியே முடிவுசெய்வார்கள். அதற்குள் ராபர்ட்சன்கள் தங்கள் இயல்பில் பேசுவார்கள். இரவில் கோல்ஃப் மைதானத்துக் குளத்தில் தவளை பிடிக்கப் போவது, நீர்நாய் போன்ற பீவர் கட்டிய அணையை உடைப்பது, ஊதல் செய்யும் அறையில் வேலையை விட்டுவிட்டு விளையாடுவது. வில்லி முதலாளி, ஆர்டர் முடியவில்லையே என்று தவிப்பார். அண்ணன் ஜேஸ் வேலைக்கு மசியமாட்டார். சித்தப்பா சை வியட்நாம் கதைகளை அவிழ்த்துவிடுவார்; கையில் எந்நேரமும் நீல நிறப் பிளாஸ்டிக் கோப்பையில் ஐஸ் டீ. அந்தக் கோப்பையை அவர் வியட்நாமில் இருந்தபோது அவருடைய அம்மா அனுப்பினாராம். அத்தனை ஆண்டுகள் அதைச் சுமந்து திரிந்தார். எனக்கு இந்த நிகழ்ச்சியில் மிகவும் பிடித்த பொருள் அதுதான். எந்தத் தயாரிப்பாளரும் யோசித்துக் கொடுத்திருக்க முடியாத பொருள்.

வாத்து சுடப்படும் காட்சி மட்டும் அரிதாகவே வந்தது. கேசட்டில் முழுக்க இருந்த வேட்டை, அவுட்டோர் சேனலில் பாதியாகி, ஏ அண்ட் ஈயில் ஒரு பின்னணியாக ஒதுங்கியது. இதற்கும் கணக்கு இருக்கிறது. அமெரிக்க அரசின் 2011 கணக்கெடுப்புப்படி நாட்டில் வேட்டைக்காரர்கள் 1 கோடியே 37 லட்சம் பேர். அவர்களில் வலசைப் பறவைகளைச் சுடுபவர்கள் சுமார் 26 லட்சம் மட்டுமே. 1 கோடியே 18 லட்சம் பார்வையாளர்களில் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒரு வாத்து ஊதலைத் தொட்டிருக்கமாட்டார்கள். அவர்களுக்கு விற்பதற்கு அந்தக் குடும்பத்திடம் இருந்தது குடும்பம்தான்.

ஒவ்வொரு எபிசோடும் ஒரே இடத்தில் முடியும். பில்–கே வீட்டு நீளமான மேஜை, கே சமைத்த சாப்பாடு, மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள். பில் தலைகுனிந்து ஜெபிப்பார். அதன்மேல் வில்லியின் குரல் அன்றைய நாளைப் பற்றி இரண்டு வார்த்தை பேசும். கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்த எவருக்கும் அந்தக் காட்சி தொண்டையில் எங்கோ தட்டும். நானும் அதற்காகவே பல எபிசோடுகளைப் பார்த்தேன் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. பெரிய தொலைக்காட்சிகளில் நையாண்டிப் பொருளாகவே வந்துகொண்டிருந்த கிராமத்துப் பக்தர்கள், முதல்முறையாகத் தங்கள் மேஜையைத் திரையில் பார்த்தார்கள். அந்த நிகழ்ச்சிக்குக் கிடைத்த அன்பின் வேர் அங்கே இருக்கிறது.

அந்த மேஜையிலும் கத்தரி விழுந்தது. ஜெபத்தில் ‘இயேசுவின் பெயரால்’ என்று தான் சொல்வதைத் தொகுப்பில் வெட்டிவிட்டார்கள் என்று பில் வெளிப்படையாகச் சொன்னார். யாரும் கெட்ட வார்த்தை பேசாத இடத்திலும், பேசியதுபோலத் தோன்ற ‘பீப்’ சத்தம் சேர்த்தார்கள் என்றார். நடக்காததை நடந்ததாகக் காட்டவும், நடந்ததை மறைக்கவும் ஒரே கருவி போதுமானதாக இருக்கிறது. கேமரா அவர்களுடைய நம்பிக்கையின் சூட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் உள்ளடக்கத்தை மங்கலாக்கி வைத்திருந்தது.

பணம் இன்னொரு பக்கம் பெருகியது. சட்டை, தொப்பி, டீ கோப்பை, பொம்மை, கிறிஸ்துமஸ் பாட்டு ஆல்பம், ஒயின், துப்பாக்கி வரை அவர்கள் முகம் ஏறியது. 2013இல் மட்டும் இந்தப் பொருட்களின் விற்பனை 40 கோடி டாலர் என்று ஃபோர்ப்ஸ் கணக்குப் போட்டது. அதில் பெரும்பங்கு வால்மார்ட் அலமாரிகளில். ஒரு காலத்தில் பில் கிளை கிளையாகப் போய்க் கெஞ்சி ஊதல் வைத்த அதே கடைகள். வில்லியின் மனைவி கோரியின் குடும்பம், ராபர்ட்சன்களின் ஊரான வெஸ்ட் மன்றோவிலேயே கிறிஸ்தவ நூல் பதிப்பகம் நடத்திவந்தது. 2006இல் அதை ஒரு நியூயார்க் பதிப்பகம் வாங்கியிருந்தது. ராபர்ட்சன்களின் தன்வரலாறுகள் அதன்வழியே வெளிவந்து விற்பனைப் பட்டியல்களில் ஏறின. ஊதல் செய்யும் கிடங்கே சுற்றுலாத் தலமாகி, வெளிமாநில வண்டிகள் வரிசைகட்டின.

2013 டிசம்பரில் இந்தக் கொண்டாட்டம் உடைந்தது. ‘ஜிக்யூ’ இதழின் நிருபர் பில்லின் நிலத்துக்கே போய்ப் பேட்டி எடுத்தார். தன்பாலின உறவைக் கடுமையாகப் பாவமென்று பில் பேசினார். அதோடு, கறுப்பின மக்களோடு தானும் வயலில் வேலை செய்ததாகவும், சிவில் உரிமைச் சட்டங்களுக்கு முந்தைய லூசியானாவில் அவர்கள் கொடுமைப்படுத்தப்பட்டதைத் தன் கண்ணால் பார்த்ததில்லை, சந்தோஷமாகவே இருந்தார்கள் என்றும் சொன்னார். அந்த இரண்டாவது பேச்சைப் படித்தபோது எனக்கு நம் ஊர்ப் பெரியவர்கள் நினைவுக்கு வந்தார்கள். “எங்க காலத்துல யாரு சாதி பார்த்தா, எல்லாரும் தாயா புள்ளையா இருந்தோம்” என்பார்கள். பொய் சொல்லவேண்டும் என்று சொல்வதில்லை. தாங்கள் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை, அவ்வளவுதான். ஆனால் வாக்குரிமை மறுக்கப்பட்டு, தனிப் பள்ளியிலும் தனிக் குழாயிலும் ஒதுக்கப்பட்டு வாழ்ந்தவர்கள் வெள்ளைக்காரப் பையன் முன்னால் எதைப் பேசியிருப்பார்கள்? வறுமையில் அவர்களுக்குப் பக்கத்திலேயே வளர்ந்த மனிதர் அதைக் கேட்டறியாமல் வாழ்நாளைக் கழித்தது வருத்தமான விஷயம்.

டிசம்பர் 18 அன்று சேனல் பில்லை நிகழ்ச்சியிலிருந்து நீக்கிவைத்தது. அவர் இல்லாமல் நிகழ்ச்சியைத் தொடர்வதை நினைத்துப் பார்க்க முடியவில்லை என்று குடும்பம் அறிக்கை விட்டது. லூசியானா ஆளுநர் பாபி ஜிண்டால் பில்லுக்கு ஆதரவாகப் பேசினார். கிராக்கர் பேரல் என்ற உணவகச் சங்கிலி ராபர்ட்சன் பொருட்கள் சிலவற்றை எடுத்தது. வாடிக்கையாளர் கோபத்தில் இரண்டே நாளில் திரும்ப வைத்தது. 27ஆம் தேதி, ஒன்பதே நாளில், தடை நீங்கியது. அடுத்த சீசனின் காட்சிகள் ஏற்கெனவே எடுத்து முடிந்திருந்ததால் பில் ஒரு நாள் படப்பிடிப்பைக்கூட இழக்கவில்லை. தடை இருந்த நாட்களிலும் சேனல் பழைய எபிசோடுகளை மணிக்கணக்காக ஓட்டிக்கொண்டிருந்தது. கொள்கை என்று ஒன்று யாருக்காவது இருந்திருந்தால், ஏதோவொரு பக்கத்தில் நஷ்டத்தைத் தாங்கியிருப்பார்கள். சேனல் தாங்கவில்லை.

அந்த ஒன்பது நாளில் நிகழ்ச்சி வேறொன்றாகிவிட்டது. அதுவரை எல்லா வீட்டிலும் ஓடிய நிகழ்ச்சியை யார் பார்க்கிறார்கள் என்பது அரசியல் அடையாளமானது. தாடியில்லாமல் கடற்கரையிலும் கோல்ஃப் மைதானத்திலும் நிற்கும் பழைய குடும்பப் படங்கள் சுற்றிவந்தன, எல்லாம் வேஷம் என்ற பேச்சோடு. மூத்த மகன் ஆலன் சபை ஊழியர், நிகழ்ச்சியிலேயே தாடியில்லாமல்தான் வந்தார். வேஷம் என்ற குற்றச்சாட்டு எனக்கு அவ்வளவு பொருந்தவில்லை. 2014 ஜனவரியில் அடுத்த சீசன் 85 லட்சம் பேரோடு தொடங்கியது. பிறகு ஒவ்வொரு சீசனும் சரிவு. 2015இல் லாஸ் வேகஸில் போட்ட இசை நாடகம் சில வாரங்களில் மூடியது. 2016இல், குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராகப் போட்டியிட்ட டெட் குரூஸை ஆதரித்து பில் பிரசாரம் செய்தார். வில்லி குடியரசுக் கட்சி மாநாட்டு மேடையில் டிரம்புக்காகப் பேசினார்.

சரிவுக்கு அரசியலை மட்டும் காரணம் சொல்லிவிட முடியாது. ஐந்து ஆண்டுகளில் 130 எபிசோடு வரை எடுத்தால் எந்தக் குடும்பத்திடமும் கதை தீர்ந்துபோகும். அதைவிட ஒன்று இருக்கிறது. முதல் சீசனில் அவர்கள் ஊதல் செய்து பிழைக்கும் மனிதர்கள். நான்காவது சீசனுக்குள் தொலைக்காட்சியில் வந்து பிழைக்கும் மனிதர்கள். எபிசோடுக்கு குடும்பத்துக்கே 2 லட்சம் டாலர் என்று செய்திகள் வந்த காலத்தில், ஊதல் ஆர்டர் தாமதமாகிறது என்று வில்லி தவிப்பதை யார் நம்புவார்கள்? கோடீஸ்வரக் குடும்பத்தின் எளிமை முதலில் அதிசயமாக இருந்தது. அதிசயம் வாராவாரம் வந்தால் வேலையாகிவிடுகிறது.

2024 இறுதியில் பில்லுக்கு அல்சைமர் நோய் என்று மகன் ஜேஸ் அறிவித்தார். ஏ அண்ட் ஈ 2025 ஜூன் 1 அன்று நிகழ்ச்சியை மறுபடி தொடங்கியது. அதற்கு ஒரு வாரம் முன்பு, மே 25 அன்று, 79 வயதில் பில் இறந்துபோனார். புதிய நிகழ்ச்சியின் மையம் வில்லியும் கோரியும், வளர்ந்துவிட்ட அவர்கள் பிள்ளைகளும், பேரக்குழந்தைகளும். கம்பெனியை அடுத்து யார் நடத்துவது என்பது அதில் ஓடும் கேள்வி.

வேட்டையைப் பார்க்க விரும்புகிறவர்கள் வேறு இடத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. டக் கமாண்டர் தன் வேட்டை வீடியோக்களை யூடியூபில் போடுகிறது. கேசட் காலத்தில் வாங்கியவர்களும் அவர்கள் பிள்ளைகளுமாகப் பார்க்கிறார்கள். இடுப்பளவு தண்ணீர், இலையுதிர்ந்த மரங்கள், மறைவிடத்தில் நாலு பேர், பக்கத்தில் காது விடைத்த ஒரு நாய். மேலே ஒரு கூட்டம் வட்டமிட்டு விலகுகிறது. யாரோ ஊதுகிறார்கள். கூட்டம் திரும்புகிறது. ஊதல் நிற்கிறது. நாலு பேரும் தலையைத் தூக்காமல், தொப்பி விளிம்புக்கடியிலிருந்து வானத்தைப் பார்க்கிறார்கள்.